ஏழு பீப்பியும் ஒரு தொண்டையும்

வா நைனா, வா. குந்து. இன்னாது கைல, தோல் பொட்டி? தொற, பாப்போம். அடேங்கப்பா! ஏழு மவுத்தார்கனா? வரிசையா படுக்க வெச்சிகீறான் பாரு, காசிமேட்டு ஏலத்துல சங்கரா மீனு அடுக்குனா மாரி. எவ்ளோ குட்த? வோணாம், சொல்லாத. நா பென்சன் வாங்கற ஆளு, நெஞ்சு தாங்காது.

ஊதத் தெரியுமா? தெரியாது. ரொம்ப சரி. தட்டு ஏழு வாங்கி வெச்சிட்டா சோறு தானா வந்துடும்.

எத்த மொதல்ல ஊதறதுன்னு கேக்கற. துட்டு குட்த்துட்டு அப்பால கேக்கற பாரு, அங்க தான் நைனா நீ நிக்கற. உங்க தாத்தனும் இப்டித்தான், வலைய வாங்கிட்டு படகு தேடுனான்.

சரி, மேல பொறிச்சிகீற எய்த்தப் படி. சி, டி, இ, எஃப், ஜி, ஏ. அந்தக் கடசி? பி ஃப்ளாட். நம்மாளு இதுக்கு வெச்ச பேரு கட்ட. சி ஒரு கட்ட, டி ரெண்டு, இ மூணு, எஃப் நாலு, ஜி அஞ்சு, ஏ ஆறு, அந்த ஃப்ளாட்டு ஆறர. கச்சேரில பாகவதரு தொண்டைய கனச்சிகினு "ஒன்றர வையி"ன்றாரே, அதே கட்ட தான். ஆம்பளத் தொண்ட பெரும்பாலும் ஒண்ணு, ஒன்றர, ரெண்டுல குந்தும். பொம்பளத் தொண்ட அஞ்சு, அஞ்சர, ஆறுல. நம்ம பனமரத்தொட்டில கானா பாடறானே ஒருத்தன், அவன் ரெண்டு கட்ட. சுதி தப்பவே மாட்டான், கடங்காரன். உன் தொண்ட எந்த கட்ட? தெர்யாது. ஆனா கட்ட மட்டும் ஏழு வாங்கிகீற.

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன், வித்தவங்கிட்ட போயி சண்ட வலிக்காத. இந்த ஏழும் உள்ள ஒண்ணே தான்டா. எத்த எட்த்தாலும் ஓட்ட 10, ரீடு 20. சி-ல எந்த ஓட்டைல ஸ கீதோ, ஏ-லயும் அதே ஓட்டைல தான் ஸ. ஒரே ஏணி, ஒண்ணத் தெருவுல போட்டுகீது, ஒண்ண மொட்ட மாடில போட்டுகீது. ஏறத் தெரியாதவன் எதுல ஏறுனா இன்னா?

அதனால சி. ஒரு கட்ட. இன்னாத்துக்குன்னா, உன் பொட்டில ஜி தான் அடி, எஃப் தான் உச்சி, சி நடுவுல நிக்குது. எஃப்-ஓட ரீடு குட்டி. புதுசா வர்றவன் அத்த ஊதுனா மீன் வெட்டற எடத்துல பூன கத்துனா மாரி கீச்சுங்கும். ஜி கீது பாரு, அது ஆர்பர்ல கப்பலு கெளம்பறப்ப உறுமுமே, அந்த சாதி. ரீடு நீளம், மெதுவா தான் எய்ந்துக்கும். அதுக்கு நெஞ்சு வோணும், நைனா. உன் நெஞ்செல்லாம் சட்ட மாட்டறதுக்குத் தான் ஆவும். ஜி-ய நீ தொடவே தொடாத. அப்பறம், கத்துக் குடுக்கறவன் முக்காவாசிப்பேரும் கைல சி-ய வெச்சிகினு தான் சொல்லித் தர்றான். அவன் ஒண்ண ஊத நீ ஒண்ண ஊதுனா, ரெண்டு லாரி ஒரே சந்துல பூந்தா மாரி ஆயிடும்.

நாலாவது ஓட்டைல வாய வையி. ஊது, அது ஸ. அதுலயே இஸு, ரி. அஞ்சுல ஊது, இஸு: க, ம. ஆறுல ஊது, இஸு: ப, த. இதுவரிக்கும் ராஜா மாரி வந்துட்ட. ஏழாவது ஓட்டைல தான் எல்லாவனும் மூக்கு ஒடையறது. அங்க மொதல்ல இஸுக்கணும், அது நி. அப்பால ஊதுனா தான் மேல் ஸ. ஆறு ஓட்ட வரிக்கும் ஊதறது கீழ, இஸுக்கறது மேல. ஏழுலர்ந்து அப்டியே தலகீழு. இந்த எடத்துலயே ஒரு மாசம் குந்து, தப்பில்ல.

இன்னொண்ணு, அடில மூணு ஓட்டையத் தடவுனா ம-வும் த-வும் ஆப்டாது. களவாடிட்டான்னு போலீஸ் டேசனுக்கு ஓடாத. பாட்டு ஊதறப்ப சைடுல நாலஞ்சு ஓட்டைய சேத்து ஊதி "பம் பம்"னு தாளம் போடறதுக்காவ அந்தக் காலத்து வெள்ளக்காரன் வேணும்னே அப்டி வெச்சிகீறான்.

அந்த ஸ ரி க ம-வுக்கு நம்மூரு பேரு தெர்யுமா? சங்கராபரணம். தோ திருவொத்தியூருக்கு அந்தாண்ட கீற மணலி, இன்னிக்கு எண்ண சுத்திகரிக்கற வாட தான் உனுக்குத் தெரியும். 1835-ல கண்ண மூடுன முத்துசாமி தீட்சிதரு சின்ன வயசுல அங்க கொஞ்ச காலம் இருந்தாரு. மணலி முதலியாரு குடும்பம் அவுங்கள வெச்சிப் பாத்துகிச்சு. கோட்டைல வெள்ளக்காரன் பேண்டு வாசிக்கறத கேட்டு, அந்த மெட்டுக்கெல்லாம் சமஸ்கிருதத்துல சாமி பாட்டு கட்டிட்டாரு. நோட்டுசொரம்பாங்க. அவன் ராஜாவக் காப்பாத்துன்னு வாசிச்ச மெட்டு, இவரு கைல 'சந்ததம் பாஹிமாம்'னு அம்பாள் பாட்டா மாறிச்சு. அவரு தம்பி பாலுசாமி ஒருபடி மேல போயி, வெள்ளக்காரன் வயலினையே கத்துகினு நம்ம சங்கீதத்துக்குள்ள இஸ்துகினு வந்துட்டாரு. அந்த ராஜா மெட்டு மூணாவது ஓட்டைலர்ந்து ஆறாவது ஓட்டைக்குள்ள முட்ஞ்சிடும். நாலே ஓட்ட, நைனா. உனுக்கு எழுவது ஓட்ட வோணுமாம்.

இப்ப வித்தைக்கு வரேன். அதே சி-ய, ஸ-வ வுட்டுட்டு ப-லர்ந்து கெளப்பிப் பாரு. ரெண்டாவது ஓட்டய இஸு, அங்கருந்து நட. சங்கராபரணம் போயி அரிகாம்போதி ஆயிடும், கட்டையும் அஞ்சா மாறிடும். ரி-லர்ந்து கெளப்புனா கரகரப்ரியா. க-லர்ந்தா தோடி. கிரக பேதம்னு வித்துவான்லாம் மேடைல விசிறிகினு சொல்றது இது தான். அமெரிக்காக்காரன் ப-லர்ந்து கெளம்பி இஸ்து இஸ்து ரீட வளச்சி அயுவ வுட்டான், அத்த ப்ளூஸ்ன்னான். நம்ம கானாக்கும் அந்த அய்வ தான் ஒட்டும்.

கணக்கு சொம்மா வெரல்ல எண்ற கணக்கு. பீப்பில இன்னா எய்த்து கீதோ அதுலர்ந்து அஞ்சு எண்ணு. சி, டி, இ, எஃப், ஜி. சி பீப்பிய இஸ்து வாசிச்சா ஜி, அதாவது அஞ்சு கட்ட. எஃப்லர்ந்து அஞ்சு எண்ணுனா சி. ஒரு கட்டைல பாடறவனுக்கு இஸ்து வாசிக்கணும்னா நாலு கட்ட பீப்பிய எடு. மீதிய நீயே போட்டுக்கோ… இல்ல, வோணாம், போடாத. தல சுத்தும்.

எனுக்கு எப்டித் தெரியுமா? ஷோலே வந்துச்சே 1975-ல, அமிதாப் பச்சன் குந்திகினு ஊதுவாரு. வாயி அவரோடது, மூச்சு பானு குப்தாவோடது. எங்க செட்டுல அது தெரியாம அத்தினி பேரும் ஒதட்ட நீட்டிகினு திரிஞ்சோம். மூர் மார்க்கெட்டுல செகண்டு அண்டுல ஒண்ணு வாங்குனேன், அந்த மார்க்கெட்டு 1985-ல எரிஞ்சி போச்சே, அதுக்கு ரொம்ப முன்ன. 24 ஓட்ட, ரெண்டு வரிச. ஒவ்வொரு சொரத்துக்கும் ரெண்டு ரீடு, ஒண்ணுக்கொண்ணு துளி சுதி பெசகி வெச்சிருப்பான், அதனால அலையடிச்சா மாரி நடுங்கும். சோக்கா இருக்கும். சினிமா மெட்டுக்கு அது தான் ராஜா, ஆனா வளைக்க முடியாது. ஒரு நாளு கருவாட்டுக் கொயம்பு துன்னுட்டு வாய் கொப்புளிக்காம ஊதிட்டேன். நாத்தம் தாங்காம கொயாத் தண்ணில கய்வுனேன். உள்ள மரம். ஊறி உப்பி, பல்லு மாரி நீட்டிகினு ஒதட்டக் கிய்ச்சிடுச்சி. அதோட சரி. இத்தினி வருசமா வாயி சொம்மா கீது, அதான் உன்ன மாரி ஆளுக்கு புத்தி சொல்லிகினு குந்திகீறேன்.

உன்னோடது பிளாஸ்டிக்கு, ஊறாது. ஆனா இது கடலோரம், உப்புக் காத்து. ஸ்க்ரூ துருப்புடிக்கும். ஊதி முட்ச்சதும் ஓட்டப் பக்கம் கீழ வெச்சி உள்ளங்கைல நாலு தட்டு, எச்சி வெளிய வர்ட்டும். தொட, பொட்டில போடு.

ஆறு மாசத்துக்கு சி மட்டும். மீதி ஆறையும் உங்கம்மா பீரோல வெச்சிப் பூட்டச் சொல்லு. ஆறுன்னா சொன்னேன்? அஞ்சு. அந்த ஜி-ய இங்கயே வெச்சிட்டுப் போ. உனுக்குத் தான் நெஞ்சு பத்தாதே, சொம்மா வெச்சா ரீடு ஒறங்கிப் போயிடும். நா அப்பப்ப எட்த்து ஊதி, கண்ணு மாரி பாத்துக்கறேன். சே சே, கானாக்காரனுக்கும் இதுக்கும் இன்னாடா சம்மந்தம்?

இன்னாத்துக்கு வெரல மடக்கற? ஜி, ஏ, பி, சி… டேய், கைய எறக்கு. பெரியவங்க பேசறப்ப இன்னா கணக்கு வோண்டிகீது? சரி சரி, கோச்சிக்காத, டீ நா சொல்றேன். குந்து.