ஒரு பர்சென்ட் ஏறிடுச்சு மாமா!

மச்சினன் மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து வீட்டில் ஊர்களின் அர்த்தமே மாறிவிட்டது. ஆம்பூர் என்றால் பிரியாணி இல்லை. "ரெண்டு சார்ஜிங் கன் இருக்கு, பக்கத்துலயே டாய்லெட்".

பெங்களூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வழியில் ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், சற்றுத் தள்ளிப் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர்களாகச் செய்து தள்ளுகின்றன. அந்த ஸ்கூட்டர் சார்ஜர் காருக்குச் சேராது என்பது வேறு விஷயம். கல்யாண வீட்டுக்குள்ளேயே பட்டினி!

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி 500. இறக்கத்தில் வேகம் குறைத்தால் பேட்டரி ஏறும். சென்னைக்குப் போகும்போது, சூளகிரி தாண்டியதும் மச்சினன் ஏசியை அணைத்துவிட்டு, "பாருங்க மாமா, ஒரு பர்சென்ட் ஏறிடுச்சு!" என்றான். என் சட்டை நனைந்திருந்தது. திரும்பும்போது அதே மேடு வட்டியோடு வசூலித்துக்கொள்ளும். அதை அவன் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி தாண்டி ஓரிடத்தில் சார்ஜ் ஏற்ற நிறுத்தினோம். இரண்டு இயந்திரம். ஒன்றின் திரை இருண்டிருந்தது. மற்றதில் கர்நாடகப் பதிவெண் கார், 81 விழுக்காடு. எண்பதுக்கு மேல் பேட்டரி வேகமாக வாங்காது, பந்தியில் வயிறு நிறைந்தவர் பாயசம் குடிப்பதுபோல. உரிமையாளரிடம் போய்க் கேட்டோம்.

"நூறு ஆகட்டும் சார்" என்றார், இருக்கையைச் சாய்த்துக்கொண்டே.