அட்டவணை அடியார்

திட்டப்பணி அலுவலகங்களில் காணப்படும் மனித வகைகளுள் அட்டவணை அடியார் தனித்து ஆராயத்தக்கவர். ஊழியர் நேரில் சொல்வதைக் காட்டிலும் மைக்ரோசாப்ட் புராஜெக்ட் மென்பொருள் திரையில் வரையும் பட்டைகளையே மெய்யெனக் கொள்வது இவரது தலையாய இலக்கணமாகும்.

அம்மென்பொருளின் ‘ஸ்டாண்டர்ட்’ எனும் அடிப்படை நாள்காட்டி, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் மாலை 5 வரை, இடையில் ஒரு மணி நேரம் உணவுக்குப் போக நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை என்று வகுத்துள்ளது. விடுமுறைகளைப் பயனரே சேர்த்தாலன்றி அது அறியாது. ஆதலால், வாரநாளில் வரும் மாட்டுப் பொங்கலன்று சென்னை அலுவலகம் பூட்டியிருக்க, அட்டவணையில் மட்டும் அனைவரும் தவறாமல் உழைக்கின்றனர். பண்டிகை முடிந்து திரும்புவோரிடம், பணி பின்தங்கியது ஏன் என்று அடியார் விளக்கம் கேட்கிறார்.

ஒவ்வோர் ஊழியருக்கும் தனியே அமையும் வேலைநேரக் குறிப்பு ‘ரிசோர்ஸ் காலண்டர்’ எனப்படும். நாளுக்கு 4 மணி நேரமே வரும் பகுதிநேர ஊழியரிடம் 5 நாள் பணியை ஒப்படைத்தால், மென்பொருள் 8 மணி நேரத்தையே ஒரு நாளாக எண்ணுவதால், கால அளவுக் கட்டத்தில் ‘5 நாள்’ என்றே நிற்க, பட்டையோ இரண்டு வாரம் நீளும். முன்னதை வாடிக்கையாளருக்கு வாக்குறுதியாகவும், பின்னதை ஊழியரின் சோம்பலுக்குச் சான்றாகவும் பயன்படுத்தும் திறன் அடியாருக்கே உரியது.

பணிக்கும் தனியே ஒரு நாள்காட்டியை இணைத்தால், இரண்டும் ஒத்துப்போகும் நேரத்தில் மட்டுமே வேலை குறிக்கப்படும். ‘நைட் ஷிப்ட்’ நாள்காட்டி இரவு 11 மணி முதல் காலை 8 மணி வரை என்பதால், இரவுப் பணியாளரை ஸ்டாண்டர்ட் நாள்காட்டி கொண்ட பணியில் அமர்த்தியதும், பொதுவான வேலைநேரம் போதவில்லை என்ற எச்சரிக்கை எழுகிறது. ஊழியர் நாள்காட்டியைப் பொருட்படுத்த வேண்டாம் எனக் கட்டளையிடும் சிறு கட்டமொன்றும் அங்கேயே உண்டு. அடியார் அதில் டிக் செய்கிறார். அக்கணமே, வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பவர் அட்டவணைப்படி பகல் முழுதும் பணியாற்றத் தொடங்குகிறார்.

எச்சரிக்கை மறைந்ததையே சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ளும் அடியார், கெடு தவறிய பின் எழுதும் இறுதி அறிக்கையில், திட்டம் செம்மையாக வகுக்கப்பட்டதென்றும் மனிதர்கள்தாம் அதற்கேற்ப ஒழுகவில்லையென்றும் பதிவுசெய்துவிட்டு, அடுத்த திட்டத்துக்காக அதே கோப்பை நகலெடுத்துத் தொடக்கத் தேதியை மட்டும் மாற்றுகிறார்.