உறைந்த திரை வாழ்க

கம்ப்யூட்டர் உறைந்ததும் கேபினெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லும் அவசரக்காரர்களை நம்பாதீர்கள். நம் அலுவலக வைத்தியமே மேல்: முதலில் மண்டையில் ஒரு தட்டு, மசியாவிட்டால் விண்டோஸை மறுபடி ஏற்றுவது. ராம் கழன்றிருந்தாலும், கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். இழுத்துக்கொண்டிருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் நம் குமாஸ்தா செய்வதும் அதுதானே? அவருக்கு மட்டும் மெமோவா?

ஹீட்சிங்கில் அடைத்த தூசியை ஊதித் தள்ள வேண்டுமாம். அது பல வருடத் தூசி, அலுவலகச் சொத்து. மேலிட உத்தரவின்றிக் கழிக்க முடியாது. ராமின் தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே பாதி நோய் போய்விடும் என்கிறார்கள். தேய்க்கலாம்தான், ரப்பருக்கு டெண்டர் விட வேண்டாமா? ஆயுத பூஜைக்குக் காற்றுத் துளைகளில் அப்பிய சந்தனத்தையோ சுரண்டவே கூடாது, தெய்வக் குற்றம்.

எங்கிருந்தோ வந்த மெக்கானிக் பையன் போன வாரம் எல்லாவற்றையும் துடைத்து மாட்டிவிட்டான். பெட்டி பறக்கிறது. வரிசையில் நின்ற பாட்டி ஆசையோடு மனுவை நீட்டினார்.

“சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க.”