கிறிஸ்துமஸ் சீரியல் செட்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் கிறிஸ்துமஸுக்கு வீடு ஜோடிப்பது ஐந்து உறுப்புகளை உடையது: மரம், குடில், தோரணம், நட்சத்திரம், சீரியல் செட்.

மரம் என்பது சவுக்குக் கிளை. அதில் ஊசியிலை என்று தோன்றுவது இலையே அன்று. கணுக்கணுவான பச்சைக் குச்சி. உண்மை இலை அக்கணுக்களில் பொடிச் செதிலாக ஒட்டியிருக்கும். இதை அறிந்தோர் வகுப்பறையில் இருக்கின்றனர்; அறியாதோர் கிளையை வெட்டி, மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் போட்டு வேலையை முடித்துவிடுகின்றனர். பஞ்சு, பனியைக் குறிக்கும். டிசம்பரில் இங்கே பெய்வது வடகிழக்குப் பருவமழை ஆதலால், பனி சீக்கிரமே ஈரம் கோத்துக்கொள்ளும்.

குடில், 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் அமைத்த மரபில் வருவது. மலைக்குக் கசக்கிய பிரவுன் பேப்பர். புல்லுக்குத் தட்டில் விதைத்த கேழ்வரகு. விதைப்பு பிந்தினால் பெத்லகேம் பொட்டலாகிவிடும்.

தோரணம் கடையில் வாங்கப்படும்.

நட்சத்திரம் கட்ட ஏணி ஏறும் உரிமை யாருக்கு என்ற வினாவுக்கு உத்திரமேரூரில் கல்லிலேயே முன்னுதாரணம் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளின்படி, வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வயது 919இல் 30 முதல் 60; 921இல் 35 முதல் 70. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஆகார். (இதை மக்களாட்சி என்று மேடையில் முழங்கும் அறிஞர்கள், கால் வேலியைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.) ஏணிக்கும் இதுவே விதி. 35க்குக் கீழ் என்றால் பொறுப்பு போதாது. 70க்கு மேல் என்றால் அத்தை விடமாட்டார். சென்ற ஆண்டு வாங்கிய ஸ்குரூ டிரைவரைத் திருப்பித் தராதவர், உறவினரோடு சேர்த்து நீக்கப்படுவார். இவ்விதியால் வீட்டில் எவரும் மிஞ்சாததால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது வழக்கம்.

இனி சீரியல் செட். பழைய செட்டில் 230 வோல்ட்டை ஏறத்தாழ 40 சிறு பல்புகள் ஆளுக்கு 6 வோல்ட்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். மின்சாரம் போக ஒரே வழி. ஒரு பல்பு போனால் வரிசையே அணையும். போனது எது என்பதில்தான் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். 'முதல் பல்பு' என்பது பெரியப்பா உரை. 'கடைசி பல்பு' என்பது சித்தப்பா மறுப்பு. 'இரண்டும் அன்று, பிளக்' என்பது சித்தப்பா மறுப்புக்கு மாமா செய்த விளக்கத்தில் காணும் இடைச்செருகல் (திண்ணைப் பிரதி, மழையில் நனைந்து சில இடங்கள் சிதைவு). 'போன வருஷமே புதுசு வாங்கச் சொன்னேன்' எனத் தொடங்கும் அத்தையின் பேருரை அடுப்படியிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இரண்டாம் தொகுதியின் நடுப்பகுதி குக்கர் விசிலில் மறைந்தது. மறைந்த அந்தப் பகுதியை ஆதாரமாகக் கொண்டே மாப்பிள்ளை தம் கருதுகோளை நிறுவுகிறார். ஆய்வுலகில் இது புதிதன்று.

ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிவிட்டு, நல்ல பல்பு ஒன்றை இடம் இடமாக மாற்றிச் செருகிப் பார்ப்பது எட்டாம் வகுப்புப் பையனின் முறை. மேற்கோள் ஏதும் இல்லாததால் அது ஏற்கப்படுவதில்லை. இரண்டு பல்பு போயிருந்தால் அதுவும் தோற்கும் என்பதில் உரையாசிரியர் அனைவருக்கும் பரம திருப்தி. போன பல்பை வெட்டி எறிந்து வயரை முறுக்கி இணைப்பாரும் உளர். அவ்வாறு ஆண்டுதோறும் எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சியவற்றின் பங்குக்கு வோல்ட் கூடி, அவையும் காலத்துக்கு முன்பே போய்ச் சேரும்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளோடு அலங்காரம் கலையும். கேழ்வரகு நாற்று ஆட்டுக்கு, சவுக்குக் கிளை அடுப்புக்கு, சீரியல் செட் பரணுக்கு. நட்சத்திரம் மட்டும், ஏணிக்குத் தகுதியுடையவர் அமையாமையால், பொங்கல் கழிந்தும் தொங்கும்.