அம்பாசடர் எஞ்சினின் ஆதி நிறம்: ஒரு விசாரணை

பழைய அம்பாசடரைப் புதுப்பிப்பவர்கள் பாடிக்குக் காட்டும் கவனத்தில் கால்வாசிகூட எஞ்சினுக்குக் காட்டுவதில்லை. பானெட்டைத் திறந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். திரை போட்டிருக்கிறதே, மூலவருக்கு அலங்காரம் எதற்கு என்று எந்தக் குருக்களும் கேட்டதில்லை. ஆகவே, பாபநாசம் வட்டாரத்தில் ஓடித் தேய்ந்த அம்பாசடரின் எஞ்சினுக்கு உரிய நிறம் எது என்பது விசாரணைக்கு உரியதே. பட்டறைகளில் செல்வாக்குள்ளது சில்வர் கட்சி. மிச்ச பெயிண்ட்டை வீட்டு கேட்டுக்கு அடித்துவிடலாம் என்பது அதன் பலம். எண்ணெய் ஒழுகினால் தெரியாது என்பது கருப்புக் கட்சியின் ஒரே சாத்திரம். ஏட்டுச் சான்று இருப்பதோ பச்சைக் கட்சிக்கு. உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் மூலம், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அந்தக் குடும்பத்து 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின் மாரிஸ் வீட்டில் பச்சை உடுத்தியது, அதுவே எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்குப் போனதும் அரக்குச் சிவப்புக்கு மாறியது. எனவே நிறம் இரும்பின் குணமல்ல, புகுந்த வீட்டின் வழக்கம். இதை ஒப்புக்கொண்டால் பச்சைக் கட்சிக்கே ஆபத்து. ஏனெனில் இந்த எஞ்சின் கடைசியாகப் புகுந்த வீடு பாபநாசம்.

இங்கே அதற்கு வாய்த்த நிறம் என்ன? இந்த எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கசியும் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ள ஒரு திருகுவரி மட்டுமே உண்டு. வண்டி நின்றால் அதுவும் ஓய்வெடுக்கும். டேப்பெட் கவரின் கார்க் கேஸ்கட் தன் பங்குக்குக் கசியும். அந்த ஈரத்தில் கோடைப் புழுதியும், ஐப்பசிச் சேறும், தை மாதத்தில் தார்ச்சாலையில் காயப்போட்ட நெல்லின் சுணையும் படிந்து வெந்து இறுகினால் பழுப்புக்கும் கருப்புக்கும் நடுவே ஒரு நிறம் வரும். எந்தக் கம்பெனி ஷேடு கார்டிலும் அது இல்லை. அழுக்கு எப்படி நிறமாகும் என்று கேட்கலாம். இரும்பில் ஒட்டிக்கொண்டு துருவைத் தடுப்பதுதானே பெயிண்ட்டின் வேலை? இது இரண்டையும் செய்கிறது, கூலியும் கேட்பதில்லை. பல வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் ஏற்றி ஆர்.சி. புத்தகத்திலும் பதிந்துவிட்டார்களே, அங்கே ஆதி எஞ்சினே இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். எஞ்சின் மாறினாலும் படிவு மாறவில்லை. என் கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மெக்கானிக்குகள் எழுப்பும் ஆட்சேபம்தான் கனமானது. படிவு சூட்டை வெளியே விடாது, கசிவு எங்கிருந்து வருகிறது என்றும் காட்டாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை; சுரண்டித்தான் ஆகவேண்டும். சுரண்டும்போது மேனிபோல்டுக்கு எதிர்ப்பக்கம், சூடு குறைந்த இடத்தில், டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பின் அடியிலும் மவுண்டிங் பிராக்கெட்டின் பின்புறமும் பாருங்கள். தப்பிப் பிழைத்த ஆலை நிறம் அங்கே நகக்கண் அளவுக்காவது இருக்கும். அதற்கு ஒத்த ஷேடை அடியுங்கள், இங்கிலாந்து ஏடு என்ன சொன்னாலும் சரி. எக்ஸாஸ்ட் மேனிபோல்டை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு எதை அடித்தாலும் கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் கருகி உதிர்ந்துவிடும்.