ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் சுருங்கும் விதி: ஓர் ஆய்வு

பொருள்கள் ஏன் சுருங்குகின்றன என்று அறிவுலகம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. குளிரில் சுருங்கும் இரும்புக்குச் சூத்திரம் உண்டு. விரைந்து பாயும் கோலின் நீளக் குறைவுக்கும் சூத்திரம் உண்டு. டீக்கடையில் தினமும் கண்ணெதிரே சுருங்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்கு மட்டும் இல்லை. இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிகழ்வு இதுதான்: விலை ஐந்து ரூபாயாகவே நிற்கிறது, உறையின் படமும் நிறமும் மாறுவதில்லை, உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் குறைகிறது. பாக்கெட்டின் நுனியை விரலால் அழுத்தினால், பல் பல்லாக ஒட்டிய ஓரத்துக்கும் முதல் பிஸ்கட்டுக்கும் நடுவே உறை உள்வாங்கும். அந்த வெற்றிடமே நம் ஆய்வுப்பொருள். இச்சுருக்கம் இயற்பியலின் பாற்பட்டதன்று, கணிதத்தின் பாற்பட்டது என்பதும், அது எங்கே போய் நிற்கும் என்பதை மைதா விலை அல்ல, வாங்குபவர் வாயே தீர்மானிக்கிறது என்பதும் இங்கே நிறுவப்படும்.

முதலில் வெப்பவியலார் கட்சியைப் பார்ப்போம். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி 100 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் சுருங்கும். அதைப் போலவே, மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் விலையேறும் சூழலில் பாக்கெட்டும் சுருங்குகிறது என்பது அவர்கள் வாதம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பியை மறுபடி சூடாக்கினால் விட்ட நீளத்தைப் பிடித்துக்கொள்கிறது. மைதா விலை இறங்கிய மாதத்தில் பாக்கெட் பருத்ததாகக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. அற்றேல், 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, சிறு பாக்கெட்டுகளில் எடையைக் கூட்டித் தருவதாகச் சில தின்பண்ட நிறுவனங்கள் அறிவித்தனவே எனின், அது நம் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. இரும்பு நீள்வதற்கு நிதியமைச்சகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாக்கெட்டோ, யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே பருக்கிறது. இக்குணம் எந்த உலோகத்துக்கும் இல்லை.

அடுத்து சார்பியலார். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும், ஒளிக்கு ஊடகமாகக் கருதப்பட்ட ஈதர் வழியே பூமி நகர்வதை அளக்கப் போய், எதிர்பார்த்தது கிடைக்காமல் கைவிரித்தார்கள். பாயும் பொருள் பாயும் திசையில் சுருங்குவதாகக் கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1892இல் லோரன்ஸும் தனித்தனியே சொன்னார்கள். 1905இல் ஐன்ஸ்டைன் ஈதரையே கழற்றிவிட்டு அதே சுருக்கத்தை நிலைநாட்டினார். 100 கிராம் பாக்கெட் 55 கிராம் ஆனதாக வைத்துக்கொள்வோம். நீளம் அந்த விகிதத்தில் சுருங்க வேண்டுமானால் பிஸ்கட் லாரி நொடிக்குச் சுமார் 2,50,000 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். சென்னையில் கிளம்பினால் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குள் மதுரையைத் தாண்டியிருக்கும். சாலையின் நிலை ஒருபுறமிருக்க, கோட்பாடே இதற்கு இடம் தரவில்லை. லாரி நின்றதும் பிஸ்கட் பழைய நீளத்துக்கு வந்தாக வேண்டும். பிஸ்கட்டோடு உறையும் சேர்ந்து சுருங்கியிருக்கவும் வேண்டும். ஆயினும் இவர்களிடம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கூடவே பயணம் செய்பவனுக்குச் சுருக்கம் தெரியாது, ஏனெனில் அவன் கையிலுள்ள அளவுகோலும் சேர்ந்தே சுருங்கியிருக்கும். நாம் பாக்கெட்டை அளக்கும் கோல் ஐந்து ரூபாய் நாணயம். அதன் வாங்கும் சக்தியும் கூடவே சுருங்குவதால், இரண்டும் பொருந்தியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இனி வணிகம். எடையைக் குறைப்பதற்குப் பதில் விலையை ஐந்தேகால் ஆக்கலாமே என்று கேட்கலாம். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டது. ஆறு ரூபாய் ஆக்கினால், பத்து ரூபாய் நீட்டியவருக்குக் கடைக்காரர் மூன்று ரூபாயும் ஒரு மிட்டாயும் தருவார். பிஸ்கட் கம்பெனியின் விலையேற்றத்தால் மிட்டாய் கம்பெனி பிழைக்கும். அதோடு, ஐந்து, ஆறு ஆவது 20 சதவீத ஏற்றம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் உறைக்கும். எடைக் குறைவு அப்படி உறைப்பதில்லை. இதன் காரணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய உடலியலார் எர்ன்ஸ்ட் வேபர் எடைகளைக் கையில் கொடுத்துச் சோதித்துக் கண்டார்: கை உணர்வது குறைந்த அளவை அல்ல, குறைந்த விகிதத்தை. நூறு கிராமில் ஐந்து குறைந்தால் தெரியாத கைக்கு, பத்துக் கிராமில் ஐந்து குறைந்தால் உடனே தெரிந்துவிடும். ஆகவே சுருக்குபவர் ஒவ்வொரு முறையும் இத்தனை கிராம் என்று குறைப்பதில்லை. இருப்பதில் இத்தனை பங்கு என்றே குறைக்கிறார். இந்த இடத்தில்தான் கணிதம் உள்ளே வருகிறது.

போலந்துக் கணிதர் ஸ்தெஃபான் பானாக் 1922இல் வெளியிட்ட தேற்றத்தின் சாரம் இது: எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒன்றுக்குக் குறைந்த ஒரு நிலையான விகிதத்துக்குள் சுருக்கும் விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால், எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே ஒரு நிலைப்புள்ளியில் போய்ச் சேரும். ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் கொண்டால் 100, 90, 81, 72.9 என்று பாக்கெட் இறங்கும். 22ஆம் சுற்றில் 10 கிராமுக்கும் 44ஆம் சுற்றில் 1 கிராமுக்கும் கீழே போகும். இவ்விதியின் நிலைப்புள்ளி பூஜ்யம், அதாவது ஐந்து ரூபாய்க்கு வெறும் உறை. வெறும் உறையை பிஸ்கட் என்று விற்க முடியாதே எனின், அதற்கும் தேற்றத்தில் இடமுண்டு. புள்ளிகள் அடங்கிய வெளியில் ஓட்டை இருக்கக்கூடாது என்பது பானாக்கின் நிபந்தனை. பூஜ்யத்தைச் சட்டம் விலக்கிவிட்டால், நெருங்கிக்கொண்டே போகலாம், போய்ச் சேர முடியாது. பாக்கெட் ஒருநாளும் காலியாகாது என்ற ஆறுதல் நுகர்வோருக்குக் கணிதத்தால் உறுதியாகிறது.

இவ்வளவு நம்பிக்கையிழக்கத் தேவையில்லை. நிஜக் கடையில் விதியோடு ஒரு கூட்டலும் சேர்கிறது. வாங்குபவர் முணுமுணுத்துவிட்டுப் பக்கத்து டப்பாவிலுள்ள வேறு கம்பெனியைக் காட்டினால், அடுத்த மாதம் உறையில் ‘20% கூடுதல்’ என்று மஞ்சள் நட்சத்திரம் முளைக்கும். நூறில் 20 சதவீதம் போனால் 80. எண்பதில் 20 சதவீதம் வந்தால் 96 தான். நட்சத்திரத்துக்கு ஆன செலவு அந்த நாலு கிராம் என்று கொள்க. இருந்தாலும் கூட்டல் கூட்டல்தான். ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு போய், முணுமுணுப்பால் 4 கிராம் திரும்புமானால் நிலைப்புள்ளி பூஜ்யமல்ல, 40 கிராம். 100இல் தொடங்கினால் அங்கே இறங்கும்; 20இல் தொடங்கினாலும் அங்கே ஏறும். திரும்புவது 5 கிராம் ஆனால் நிலைப்புள்ளி 50. எடைதான் உறையிலேயே அச்சாகியிருக்கிறதே, தனியே முணுமுணுப்பு எதற்கு எனின், அச்சாகியிருப்பது வேறு, படிக்கப்படுவது வேறு. பொட்டலப் பொருள்களுக்கான 2021இன் திருத்த விதிகள் கிராம் ஒன்றுக்கான விலையையும் போடச் சொல்கின்றன. ஐந்து ரூபாய்க்கு 55 கிராம் என்றால் அது சுமார் 9 பைசா. அந்த மதிப்பில் நாணயமே புழக்கத்தில் இல்லாததால் அது யார் மனத்திலும் தங்குவதில்லை. எனவே முடிவு: சுருக்கும் விகிதம் கம்பெனியின் கையில் இருக்கலாம், நிலைப்புள்ளி வாங்குபவர் வாயில் இருக்கிறது. மேற்கண்ட கணக்கின்படி, சுற்றுதோறும் கூடுதலாக முணுமுணுக்கும் ஒவ்வொரு கிராமும் நிலைப்புள்ளியைப் பத்துக் கிராம் உயர்த்தும். இந்த வட்டி விகிதத்தை எந்த வங்கியும் தருவதில்லை.