மக்காவ் காட்டும் வழி

சூதாட்டம் உள்ளூர் பிழைப்பைக் கெடுக்கும் என்போர் மக்காவைப் பார்த்துத் திருந்த வேண்டும். சூதாட்ட ஏகபோகம் முடிந்து 2002-இல் புதிய நிறுவனங்கள் உரிமம் பெற்றபோதும் அங்குள்ள அரசு சொந்த மக்களைக் கைவிடவில்லை. சூதாட்ட மேசையில் சீட்டுப் போடும் வேலை உள்ளூர்வாசிக்கு மட்டுமே. வெளியூர்க்காரர் தரையைத் துடைக்கலாம், சமைக்கலாம், காவல் நிற்கலாம், சீட்டைத் தொடக்கூடாது. இதைவிட உன்னதமான இடஒதுக்கீடு எங்கே உண்டு? பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு மேசைக்கு ஓடுகிறார்களே என்று சிலர் முனகினார்கள். அதற்கும் வழி பிறந்தது: 2012-இல் கேசினோவில் நுழையும் வயதை 18-இலிருந்து 21 ஆக்கினார்கள். மூன்று வருஷம் பொழுது போகாமல் கிடப்பவன் தவறிப்போய் ஒரு பட்டமாவது வாங்கமாட்டானா!

ஒரே தொழிலை நம்பலாமா என்பது அடுத்த ஆட்சேபம். 2020-இல் கொரோனா வந்து சூதாட்ட வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் போனது உண்மைதான். ஆனால் வேறு தொழில் பெரிதாக இல்லாததால், அடுத்து எந்த வேலைக்குப் போவது என்ற குழப்பமே யாருக்கும் வரவில்லை பாருங்கள். ஊழியர்களே சூதாடி அழிந்தால்? வேலை நேரம் போக அவர்கள் சூதாட்டக் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று 2019 இறுதியில் சட்டம் அமலுக்கு வந்தது. அரசு ஊழியருக்கு முன்பே தடை. ஆக, மக்காவ்காரரைச் சூதிலிருந்து காக்க ஒரே வழி, அவருக்குக் கேசினோவில் வேலை கொடுப்பது. இன்னும் நாலைந்து கேசினோ திறந்தால் ஊரே ஒழுக்கத்தில் மூழ்கிவிடும். சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் தடை கிடையாது. கையில் போனஸ் புழங்கும் நேரம் அது.